கூட்டாளிக்குப் படம் சொன்ன பகல்

எனக்கு வாய் நீளம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, பள்ளிவாசல்துறை முழுக்கத் தெரிந்த விஷயம்தான். ஒரு செய்தி ஊரில் பரவ வேண்டுமென்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி தேவையில்லை, இவள் காதில் போட்டால் போதும் என்று என் கணவரே நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட நான் போன வருஷம் ஒரே ஒரு விஷயத்தை இருபத்திரண்டு நாள் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த இருபத்திரண்டாம் நாள்தான் புத்தளம் டவுனில் ஒரு சிரிப்புப் படம் பார்த்தேன்.

விஷயம் இதுதான். என் கணவர் மீன் லொறி ஓட்டுகிறவர். லொறி என் சின்ன வயதுக் கூட்டாளியின் கணவருடையது. இரண்டு பேரும் கிழமைக்கு இரண்டு தடவை மன்னார்ப் பக்கம் போய் மீன் ஏற்றி வருவார்கள். ஒரு நாள் அப்படிப் போய் வந்த என் மனிதர் சோற்றைப் பிசைகிறார், பிசைகிறார், வாயில் வைக்கவில்லை.

"என்ன, கறி சரியில்லையா?" என்று கேட்டேன்.

"முதலாளி அங்க நிக்காஹ் முடிச்சிட்டாரு."

"ஆருக்கு முடிச்சாரு?"

"அவருக்குத்தான்."

காழி நீதிபதிக்கு அறிவிக்கவில்லை, இங்கே பள்ளிவாசலில் நோட்டீஸ் ஒட்டவில்லை. ஒரு வீட்டு முன்னறையில் லெப்பை ஒருவரை வைத்து, நாலைந்து பேரோடு காரியம் முடிந்திருக்கிறது. நிக்காஹ்வுக்கு இரண்டு ஆண் சாட்சி வேண்டும். ஒரு சாட்சி பெண் வீட்டுப் பக்கத்து ஆள். மற்றது யார் என்று நான் கேட்கவில்லை. சோற்றுக் கையையே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய முகம் போதுமாக இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு அறிவு கெட்டுப் போச்சா? அவ என்ட கூட்டாளி" என்றேன்.

"லொறிச் சாவி அவர்ட கையில. வா, சாட்சிக்கு இரு எண்டு கூப்பிட்டா நான் எப்பிடி மாட்டன் எண்டு சொல்ற?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவராச் சொல்லுவாராம். ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டுமாம். அதுவரைக்கும் இது அமானிதம். நீ வாயத் தொறந்தா மறுமையில நான்தான் பதில் சொல்லணும்."

மார்க்கத்தில் அமானிதம் லேசான சொல் இல்லை. நம்பி ஒப்படைத்ததைக் காட்டிக்கொடுப்பவன் முனாஃபிக், நயவஞ்சகன் என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் மனிதர் என் வாயைத் தைத்துவிட்டார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தைவிட, எனக்கு ஏன் சொன்னார் என்ற ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

கூட்டாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறில் யுத்தத்தில் முஸ்லிம்களான எங்களை மன்னாரை விட்டு வெளியேற்றிய பிறகு, இங்கே பள்ளிக்கூடத்தில் வருஷ நடுவில் என்னைச் சேர்த்தார்கள். பிள்ளைகள் உட்காரும் வாங்கு எல்லாம் நிரம்பிக் கிடந்தது. அகதிப் பிள்ளைக்கு இடம் கொடுக்க ஒருத்திக்கும் மனம் வரவில்லை. இவள் மட்டும் தன் பக்கத்தில் இருந்தவளை இடுப்பால் ஓர் இடி இடித்தாள். அவள் தடாரென்று கீழே விழுந்தாள். "இஞ்ச இரு" என்றாள் இவள் என்னைப் பார்த்து. அதற்காக அன்று பிரம்படி வாங்கியதும் இவள்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டாள், கலியாணம் முடித்தாள், பிள்ளைகள் பெற்றாள். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான்.

டவுனில் திரைப்பட விழா நடக்கிறது, பெண்களைப் பற்றிய படங்களாம், மூன்று நாளாம் என்று மாதர் சங்கத்தில் சொன்னதும் அவள் எங்கள் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டாள். தலையிடி என்று சொல்லிப் பார்த்தேன். "தலையிடி எண்டா குளிசை போடு. வேன்ல உனக்கு சீட் புடிச்சாச்சு" என்றாள். அந்த நாட்களில் அவளிடமிருந்து ஒளியத்தான் பார்த்தேன், ஆனால் பின்னேரத் தேத்தண்ணிக்கு ஒரு நாள் நான் போகாவிட்டாலும் அவளே தேடி வந்துவிடுவாள், ஒளிவதற்கு இந்தக் கரையில் இடமேது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு.

சனிக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு வேனில் பதினொரு பெண்கள் புறப்பட்டோம். அவள் யன்னலோரம், நான் பக்கத்தில். எத்தாளை தாண்டும்போது தென்னந்தோட்டம் ஒன்றைக் கையால் காட்டினாள். அது அவளுடைய வாப்பா அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்த காணி.

"நல்லாப் பாத்துக்க. திங்கக்கிழம காணி எழுத நொத்தாரிசுட்டப் போறம்" என்றாள்.

"ஏன்?"

"விக்கத்தான். மன்னார்ல வாடி போடப் போறாராம். மீன்காரங்க தங்க, ஐஸ் வைக்க ஒரு எடம் வேணுமாம். சும்மா கிடக்கிற காணிதானே, கையெழுத்து வெச்சித் தாவன் எண்டாரு. அவருக்கு இல்லாததா?"

வேன் குழியில் விழுந்து எழும்பியது. வாடியும் இல்லை, ஐஸும் இல்லை. புதுப் பெண்ணுக்கு அங்கே வீடு கட்டக் காணி பார்க்கிறார்கள் என்று என் கணவர் நான்கு நாளுக்கு முன்புதான் சொல்லியிருந்தார். பெருநாள் கழியட்டும் என்றது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கையெழுத்து விழுந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்திருக்கிறார். சனி, ஞாயிறு, திங்கள் என்று விரல் மடக்கினேன். உப்பளம் வந்தது, போனது. பதினொரு பேர் நிரம்பிய வேனில் எதைச் சொல்வது.

மண்டபத்தில் வெளிச்சம் வரக்கூடாதென்று யன்னல்களுக்கெல்லாம் கறுப்புச் சீலை கட்டியிருந்தார்கள். காற்றாடி சுற்றியது, காற்று வரவில்லை. பிளாஸ்டிக் கதிரைகளை முழங்கால் இடிக்கிற மாதிரி நெருக்கிப் போட்டு, நகராமல் இருக்கக் காலோடு கால் கயிற்றால் கட்டியிருந்தார்கள். எங்களுக்கு நடு வரிசையில் நட்ட நடுவில் இடம் கிடைத்தது. இடப்பக்கம் கூட்டாளி. வலப்பக்கம் கடைச் சாமான் பைகள் நாலை மடியில் வைத்த ஒரு பருத்த பெண். பின்னால் எங்கள் ஊர் மாமி ஒருவர், கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. வெளியே போக வேண்டுமென்றால் பத்துப் பேரை எழுப்ப வேண்டும்.

ஏற்பாட்டாளர்களில் ஒரு பெண் மேடையில் ஏறினாள். தமிழ் எழுத்துப் போட நேரம் கிடைக்கவில்லை, மன்னிக்க வேண்டும், படத்துக்குக் கீழே சிங்கள எழுத்து ஓடும் என்றாள். படம் முடியும்வரை கதவைத் திறக்கவும் வேண்டாமாம், திரையில் வெளிச்சம் விழுமாம்.

எங்கள் வரிசை முணுமுணுத்தது. சிங்களம் எல்லாரும் கதைப்பார்கள், வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நான் கிளினிக்கில் நோயாளர் பெயர் எழுதுகிறவள், சிங்கள எழுத்து எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. கூட்டாளி என் கையைப் பிடித்து உயர்த்தினாள். "இவக்குத் தெரியும். இவ சொல்லித் தருவா" என்று அறிவித்தாள். பின்னால் மாமி முன்னால் சாய்ந்து தலையை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

"கெதியாச் சொல்லு புள்ள, ஒண்டும் விடாம" என்றார்.

படம் எங்கேயோ ஒரு குளிர் தேசத்துப் படம். கரையோர ஊர். அடுத்தடுத்த வீட்டில் இரண்டு பெண்கள், ஒருத்தி பருமன், ஒருத்தி ஒல்லி, சின்ன வயதுக் கூட்டாளிகள். பருத்தவளின் புருஷனுக்குத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது. மனைவிக்குச் சொல்லப் பயம். தினமும் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போவது போலப் புறப்பட்டு, ஒல்லிக்காரியின் கார்க் கொட்டிலில் பகல் முழுக்கப் பதுங்கிக் கிடக்கிறான். ஒல்லிக்காரியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான், உன் கூட்டாளியிடம் மூச்சு விடக்கூடாது என்று.

இதை நான் என் வாயால் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கள்ளனைத் தேள் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தேன்.

ஒல்லிக்காரி படுகிற பாட்டுக்கு மண்டபம் உருண்டு புரண்டு சிரித்தது. பருத்தவள் தொழிற்சாலைக்கு போன் எடுக்கப் போகிறாள், இவள் அந்த போனைத் தட்டிச் சூப்புச் சட்டிக்குள் விழுத்துகிறாள். புருஷன் மறந்து வைத்துப்போன சாப்பாட்டைக் கொடுக்கப் பருத்தவள் பஸ் ஏறுகிறாள், இவள் பஸ்ஸுக்குள் மயக்கம் போட்டு விழுந்து பஸ்ஸையே ஆஸ்பத்திரிக்குத் திருப்புகிறாள். கூட்டாளி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பர்தா நுனியால் துடைத்தாள். மரவள்ளிப் பொரியல் பையைப் பிரித்து என் கையில் கொட்டினாள். நான் மென்றேன். பிறகும் சொன்னேன்.

"பாவம்டி அந்தப் பொம்புள" என்றாள் பருத்தவளைப் பார்த்து. "எல்லாத்தையும் நம்புறா."

"ம்."

"நல்லகாலம், உன்ட வாயில ஒண்டும் நிக்காது. உன்னை வெச்சி ஆராலயும் என்னை ஏமாத்த ஏலாது" என்று தோளால் என்னை இடித்தாள்.

எழும்பி ஓட வேண்டும் போல இருந்தது. வலப்பக்கத்துப் பெண்ணின் பைகள் என் தொடையில் சாய்ந்து கிடந்தன. மாமியின் மூச்சு என் காதில் பட்டது. "என்ன சொன்னா, என்ன சொன்னா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாதிக்கு மேல் கொட்டில் கதவு திறந்தது. பருத்தவள் நிற்கிறாள். உள்ளே புருஷன் கரட் சீவிக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் ஒல்லிக்காரி. பருத்தவள் அவனைப் பார்க்கவே இல்லை. கூட்டாளியைப் பார்த்து ஒன்று கேட்டாள். கீழே எழுத்து ஓடியது. உனக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று.

கையில் இருந்த பொரியலை வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்ன கேக்கிறா?" என்றாள் கூட்டாளி.

"ஏன் இஞ்ச இருக்கிறீங்க எண்டு கேக்கிறா" என்றேன்.

ஒல்லிக்காரி நீளமாக ஏதோ சொன்னாள். நான் பயந்தேன், சத்தியம் வாங்கியிருந்தான், உன்னை இழக்கப் பயந்தேன் என்று வரி வரியாக ஓடியது. "கரட் சீவ வந்தாராம் எண்டு சொல்றா" என்றேன். மாமி கெக்கட்டமிட்டுச் சிரித்தார். கூட்டாளி சிரிக்கவில்லை. "அவ்வளவு நேரம் கதைச்சா, நீ இவ்வளவுதான் சொல்ற. அவ அழுறாவே" என்றாள். எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. இருபத்திரண்டு நாள் வாயை மூடியிருந்தது போதாதென்று இப்போது வாயைத் திறந்தும் அவளுக்குப் பொய் சொல்கிறேன்.

அடுத்த காட்சியில் வசனம் இல்லை. பருத்தவள் கடற்கரையில் தனியாக நடக்கிறாள். நீளமான காட்சி. கீழே எழுத்து ஒன்றும் ஓடவில்லை, நான் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்தின் கதையை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வந்த வாய், நின்றால் இனித் திறக்காது என்று எனக்குத் தெரிந்தது. அதே தாழ்ந்த குரலில், திரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"இவருக்கு இன்னொரு நிக்காஹ் நடந்திருக்கு. இவக்குத் தெரியாது."

"அட, வேலை போனது மட்டுமில்லையா?" என்றாள் கூட்டாளி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மாமி பின்னால் நிமிர்ந்தார். "ரெண்டாம் கலியாணமாம்" என்று அடுத்த கதிரைக்குச் சொன்னார். அது அதற்கடுத்த கதிரைக்குப் போனது. "நாசமாப் போவான்." "அவனப் பாரன், பூனை மாதிரி இருந்துக்கிட்டு." "சாப்பாட்டுப் பெட்டியக் கட்டிக் குடுத்தாவே பாவி." வரிசை முழுக்க அந்த வெள்ளைக்காரனை ஏசியது. செய்யாத குற்றத்துக்கு அவன் ஏச்சு வாங்கினான்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். காதுக்குள் வாயை வைத்தேன். "படத்துல இல்லடி. உன்ட மாப்புள. மன்னார்ல."

அவள் திரும்பவில்லை. பொரியல் பைக்குள் போன கை அப்படியே நின்றது. திரை வெளிச்சம் அவள் முகத்தில் மாறி மாறி விழுந்தது. இரண்டு பக்கமும் பெண்கள், பின்னால் மாமியின் தலை. அழ முடியாது, எழும்ப முடியாது, ஒரு சொல் உரத்துக் கேட்க முடியாது. அவளை அப்படி ஓர் இடத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தைரியம் வந்த நேரத்தைப் பார்த்தேனே தவிர, அவள் தாங்குகிற இடத்தைப் பார்க்கவில்லை.

"எப்ப?" என்றாள். உதடு மட்டும் அசைந்தது.

"இண்டைக்கு இருவத்திரெண்டு நாள்."

"காணி?"

"அங்க ஊடு கட்டத்தான். திங்கக்கிழம கையெழுத்து வெக்காத."

இவ்வளவும் சொல்லலாம் என்று நான் பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். யாரோ சொன்னார்கள், என் காதில் விழுந்தது என்று முடிக்கலாம் என்றும் நினைத்திருந்தேன். அவள் அந்த இடத்துக்கு வரவே விடவில்லை. நிக்காஹ் என்றால் எந்தப் பெண்ணுக்கும் அடுத்துத் தெரிய வேண்டியதைக் கேட்டாள்.

"சாட்சி ஆரு?"

"ரெண்டு பேர்."

"ஆரு?"

"ஒண்டு அந்தப் பக்கத்து ஆளாம்."

"மத்தது?"

திரையில் மறுபடியும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். மாமி என் தோளில் தட்டினார். "என்ன புள்ள, நிப்பாட்டிட்ட. என்ன சொல்றாங்க?" நான் வாசித்துச் சொன்னேன், அவள் தேடி வருகிறாளாம், கதவைத் திறக்கச் சொல்கிறாளாம் என்று. சொல்லிவிட்டுக் கூட்டாளியின் பக்கம் குனிந்தேன்.

"என்ட மாப்புள" என்றேன்.

அவள் தன் மணிக்கட்டை என் கையிலிருந்து எடுத்தாள். உதறவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். கதிரைகள் கட்டிக் கிடந்ததால் விலகி இருக்க அவளுக்கு ஓர் அங்குலம்கூட இல்லை. மிச்சப் படம் முழுவதையும் நான் மாமிக்குச் சொன்னேன். இரண்டு பெண்களும் கடைசியில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து சூப்புக் குடித்துச் சிரித்தார்கள். மண்டபம் கை தட்டியது. "ரெண்டாம் பொண்டாட்டிய கடைசி மட்டும் காட்டவே இல்லையே" என்று மாமி குறைப்பட்டார்.

விளக்குப் போட்ட பிறகும் விடவில்லை. கலந்துரையாடல் இருக்கிறதாம். ஏற்பாட்டாளர் பெண் மைக்கோடு வரிசை வரிசையாக வந்து, பெண்களின் நட்பைப் பற்றிப் படம் என்ன சொல்கிறது என்று கேட்டாள். நாங்கள் அதிகம் சிரித்த வரிசையாம், மைக் நேராக எங்களிடம் வந்தது. நான் தலையைக் குனிந்தேன். கூட்டாளி வாங்கினாள்.

"படம் நல்லம்" என்றாள். "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. சொல்லித் தந்தவ எல்லாத்தையும் சொல்லல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வேனில் அதே இருக்கை, அதே யன்னலோரம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தோம். எத்தாளை வந்தபோது காணியின் பக்கம் அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஊரில் இறங்கியதும் தன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மஃரிபு தொழுது முடித்த கையோடு என் கணவரிடம் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன். தொழுத பாயைச் சுருட்டி வைத்தார். "சரி, எனக்கும் சோறு இறங்கல்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் லொறிச் சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அவர் மேல் இருந்த ஆத்திரம் எனக்கு அதோடு பாதி குறைந்தது. என் மேல் இருந்ததுதான் குறையவில்லை. அவளுக்கு எட்டுத் தடவை போன் எடுத்தேன், எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பத்தரை இருக்கும். கிளினிக்கில் ஒரு கிழவரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். அவளுடைய அழைப்பு வந்தது. பேனையைப் போட்டுவிட்டு எடுத்தேன்.

"கையெழுத்து வெக்கல்ல" என்றாள். "நொத்தாரிசுட வாசல் மட்டும் போய் அங்க வெச்சே அவர்ட்டக் கேட்டன். ஓம் எண்டாரு. நான் திரும்பி வந்துட்டன். காணி என்ட பேர்லதான் கிடக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். கண் கலங்கிவிட்டது. தப்பினாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்சம் தாமதித்து, நானும் தப்பினேன் என்று நினைத்தேன்.

"நிக்காஹ்வுக்கு ரெண்டு சாட்சி எண்டு சொன்ன."

"ஓம்."

"ரெண்டு இல்ல, மூணு. ரெண்டு பேர் அங்க ஒரு நாள்தான் இருந்தாங்க. மூணாவது ஆள் இருவத்திரெண்டு நாளும் பின்னேரத்துல என்ட குசினியில வந்திருந்து, என்ட கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.